குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது? உடலின் சக்திக் கணக்கை மூளை நடத்தும் விதம்

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு மகள் தமது தந்தையாரைப் பற்றிக் கேட்டிருக்கும் கேள்வி இது. தந்தையாருக்கு 58 வயது. நீரிழிவு இருப்பது தெரியவந்த பின்னர் சோற்றைப் பாதியாகக் குறைத்து, தேநீரில் சீனியை நிறுத்தி, மாலை வேளைகளில் மரைன் டிரைவ் வழியே நடந்து, 80 கிலோவாக இருந்த எடையை ஒரு வருடத்துக்குள் 72 கிலோவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஒன்றரை வருடத்தில் அது மெல்ல மெல்ல ஏறி 79இல் வந்து நிற்கிறது. "அப்பாவுக்கு வாயைக் கட்ட முடியவில்லை" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் அதை ஒப்புக்கொண்டு மனம் நொந்திருக்கிறார். இது மன உறுதியின் குறைபாடுதானா, அல்லது எடையைத் திருப்பிக் கொண்டுவரும் ஏதாவது ஒன்று உடலுக்குள்ளேயே இருக்கிறதா, இருந்தால் மூளை அதை எப்படிச் செய்கிறது என்பதே கேள்வி.

அப்படி ஒன்று இருக்கிறது. அது மூளையில் இருக்கிறது. கடந்த எண்பது வருட ஆய்வுகளில் அதன் இடமும் அதன் தூதுவர்களும் அது வேலை செய்யும் முறையும் பெருமளவுக்குத் தெரியவந்துள்ளன. உடற்றொழிலியல் கற்பித்தவன் என்ற வகையில், இந்த அறிவு மருத்துவ மாணவர்களின் பாடக்குறிப்புகளோடு நின்றுவிடுவதும், நோயாளியின் வீட்டுக்கு "குறைவாகச் சாப்பிடுங்கள், கூட நடவுங்கள்" என்ற ஒரு வரி மட்டும் போய்ச் சேருவதும் எனக்குப் பெரும் வருத்தம். அந்த ஒரு வரி பிழையானது அல்ல. ஆனால் அதைப் பின்பற்றும் மனிதரின் தலைக்குள் என்ன எதிர்வினை எழும் என்பதைச் சொல்லாமல் விடும்போது, அவர் தோற்கும் வேளையில் பழியைத் தம்மேல் போட்டுக்கொள்கிறார்.

முதலில் கணக்கு. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர் வருடத்தில் 730,000 கலோரி உண்கிறார். (உணவுப் பொதிகளில் அச்சிடப்படும் கிலோகலோரியையே இங்கே கலோரி என்கிறேன்.) உடலில் ஒரு கிலோ கொழுப்பிழையத்தில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால், செலவைவிட ஒரே ஒரு சதவீதம் கூடுதலாக உண்டால்கூட வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டும். பத்து வருடத்தில் அது பத்துக் கிலோவை நெருங்க வேண்டும். எந்தச் சமையலறையிலும் எவரும் ஒரு சதவீதத் துல்லியத்தோடு உணவை அளந்து போடுவதில்லை. ஆயினும் பெரும்பாலானோரின் எடை ஆண்டுக்கணக்கில் பெரிதாக அசைவதில்லை. இதில் ஒரு பங்கு தானாகவே நிகழ்வது: எடை ஏறினால் அந்தப் பெரிய உடலைப் பராமரிக்கும் செலவும் ஏறுவதால் வரவும் செலவும் ஓரிடத்தில் சமப்பட்டுவிடும். மீதிப் பங்கு மூளையின் வேலை.

மூளையின் அடிப்பகுதியில், பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சற்று மேலே, ஒரு பாதாம் பருப்பின் அளவே உள்ள ஹைப்போதலமஸ் இந்த வேலையின் மையம் என்பது நோயாளிகளிடமிருந்தே முதலில் தெரியவந்தது. 1900இல் பாரிஸில் பபின்ஸ்கியும் 1901இல் வியன்னாவில் ஃப்ரோலிஹும் அந்தப் பகுதியில் கட்டி வளர்ந்த இளம் நோயாளிகள் அளவுக்கு மீறிப் பருத்ததை விவரித்தார்கள். 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளில் ஹைப்போதலமஸின் நடுக்கீழ்ப் பகுதியைச் சேதப்படுத்தியபோது அவை மிகவும் கொழுத்தன. 1951இல் இந்தியரான பால் கிருஷ்ணன் ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்தில் ப்ரோபெக்குடன் சேர்ந்து அதன் பக்கவாட்டுப் பகுதியைச் சேதப்படுத்திக் காட்டினார். அந்த எலிகள் உணவு முன்னே இருந்தும் உண்ணாமல் கிடந்தன. இவற்றிலிருந்து "திருப்தி மையம்", "பசி மையம்" என்ற இரட்டைப் படம் பிறந்தது. அந்தப் படம் இன்றும் சில பாடநூல்களில் இருக்கிறது. உண்மை அதைவிடச் சிக்கலானது. மூளைக்குள் ஏதோ ஒன்று உடற்கொழுப்பின் அளவை அறிந்து அதற்கேற்ப நடக்கிறது என்பது மட்டும் அன்றே தெளிவாகிவிட்டது.

எப்படி அறிகிறது? கொழுப்பு வயிற்றுத் தோலின் கீழே இருக்கிறது. மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. இடையில் செய்தி கொண்டு செல்லும் ஒன்று இரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதை மிக அழகாக நிறுவியவர் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டக்ளஸ் கோல்மன். அங்கே பிறவியிலேயே அடங்காப் பசியோடு கொழுத்து வளரும் இரண்டு வகைச் சுண்டெலிகள் இருந்தன. அவற்றைச் சாதாரணச் சுண்டெலிகளுடன், இரத்தம் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசியும்படி, அறுவை மூலம் அவர் இணைத்தார். முதல் வகைக் கொழுத்த எலியைச் சாதாரண எலியுடன் இணைத்தபோது கொழுத்த எலி உணவைக் குறைத்து மெலிந்தது. இரண்டாம் வகைக் கொழுத்த எலியை இணைத்தபோதோ அது கொழுத்தபடியே இருக்க, பக்கத்திலிருந்த சாதாரண எலி உண்ணுவதை விட்டுப் பட்டினியால் இறந்தது. முதல் வகைக்குச் செய்தி அனுப்பும் பொருளே இல்லை, இரண்டாம் வகையிடம் அந்தப் பொருள் ஏராளமாக இருந்தும் அதை வாங்கும் ஏற்பி இல்லை என்று 1970களின் தொடக்கத்திலேயே அவர் முடிவுக்கு வந்தார். பொருள் எது என்று தெரியாமலே எட்டப்பட்ட முடிவு அது. எனக்குத் தெரிந்த உடற்றொழிலியல் தர்க்கங்களில் இதற்கு இணையானவை மிகச் சில. 1994இல் நியூயோர்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அது உருவாக்கும் ஹோர்மோனுக்கு லெப்டின் என்று பெயரிடப்பட்டது. அடுத்த வருடமே அதன் ஏற்பியும் கண்டுபிடிக்கப்பட, கோல்மன் சொன்னது இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது.

லெப்டினைக் கொழுப்புக்கலங்களே சுரக்கின்றன. கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். மனிதரில் அதன் வலிமையைக் காட்டியது 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓராஹிலி, ஃபாரூகி ஆகியோரின் குழு ஆராய்ந்த இரண்டு குழந்தைகளின் கதை. பாகிஸ்தான் பூர்வீகமுள்ள ஒரு குடும்பத்தில் பிறந்த ஒன்றுவிட்ட உறவினர்களான அவர்களில் எட்டு வயதுச் சிறுமி 86 கிலோவும் இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோவும் இருந்தார்கள். இருவரின் இரத்தத்திலும் லெப்டின் இல்லையென்றே சொல்லலாம். அந்தச் சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி ஏற்றத் தொடங்கியபோது பசி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. சிறுமிக்குப் புத்திமதியும் கண்டிப்பும் முன்னரும் போதிய அளவு கிடைத்திருக்கும். குறையாக இருந்தது ஒரு புரதம்.

இந்த வெற்றியைக் கண்டு, பருத்த எல்லோருக்கும் லெப்டின் ஊசி போட்டால் போதும் என்று பலர் நம்பினார்கள். அது நடக்கவில்லை. பருத்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகமாகவே இருக்கிறது. மேலும் ஏற்றினாலும் மூளை அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஏமாற்றம் தந்த இந்த முடிவுதான், என் கருத்தில், முழு விடயத்தையும் திறக்கும் சாவி. லெப்டின் கூடும்போது மூளை அசட்டையாக இருக்கிறது. லெப்டின் குறையும்போது அபாய மணி அடிக்கிறது. 1996இல் பட்டினி கிடந்த சுண்டெலிகளுக்கு லெப்டின் கொடுத்துப் பார்த்தபோது, பட்டினியின்போது வழக்கமாக ஏற்படும் தைரொயிட் வீழ்ச்சியும் இனப்பெருக்க ஹோர்மோன்களின் முடக்கமும் பெருமளவுக்குத் தடுக்கப்பட்டன. ஆகவே லெப்டினை "போதும்" என்று சொல்லும் ஹோர்மோன் என்பதைவிட, அது குறைவதே "பஞ்சம் வந்துவிட்டது" என்று மூளைக்கு எட்டும் செய்தி என்பது பொருத்தமானது. உங்கள் தந்தையார் 80இலிருந்து 72க்கு இறங்கியபோது அவரது மூளைக்கு எட்டியது இந்தச் செய்திதான். நீரிழிவு வைத்தியர் மகிழ்ந்த அதே எண்ணை ஹைப்போதலமஸ் பஞ்சமாகப் படித்தது.

செய்தியை வாங்கும் இடம் ஹைப்போதலமஸின் அடியிலுள்ள வில்வடிவக் கரு என்ற நரம்புக்கலத் திரள். அங்கே அருகருகே இரண்டு வகை நரம்புக்கலங்கள் இருக்கின்றன. ஏஜிஆர்பி என்ற பொருளைச் சுரப்பவை பசியைத் தூண்டுகின்றன; பிஓஎம்சி என்ற புரதத்தை உருவாக்குபவை அதை அடக்குகின்றன. லெப்டினும், சதையி சுரக்கும் இன்சுலினும் முதல் வகையை அடக்கி இரண்டாம் வகையை ஊக்குவிக்கின்றன. இரண்டும் தமது முடிவைச் சொல்லும் வாசல் ஒன்றுதான்: மெலனோகோட்டின்-4 ஏற்பி. பிஓஎம்சி கலங்களிலிருந்து வரும் பொருள் அந்த ஏற்பியை இயக்க, ஏஜிஆர்பி அதை அடைக்கிறது. ஒரே மரபணுப் பிழையால் ஏற்படும் கடும் பருமன் வகைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இந்த ஏற்பியின் பிழையே.

ஏஜிஆர்பி கலங்கள் எத்தகைய அதிகாரம் கொண்டவை என்பதை 2005இலும் 2011இலும் செய்யப்பட்ட இரண்டு பரிசோதனைகள் காட்டின. வளர்ந்த சுண்டெலிகளில் அந்தக் கலங்களை மட்டும் அழித்தபோது அவை உணவைத் தொடாமல் மெலிந்து சாகும் நிலைக்குப் போயின. மறுபுறம், வயிறு நிறைய உண்டு முடித்த சுண்டெலிகளில் ஒளியைக் கொண்டு அந்தக் கலங்களைத் தூண்டியபோது சில நிமிடங்களிலேயே அவை வெறிகொண்டு தின்னத் தொடங்கின. 2015இல் இன்னொரு வியப்பும் சேர்ந்தது: பசித்த சுண்டெலியின் முன்னே உணவை வைத்தவுடன், அது ஒரு வாய் உண்பதற்கு முன்னரே, அந்தக் கலங்களின் செயற்பாடு விநாடிக்கணக்கில் தணிகிறது. வரப்போகும் உணவை மூளை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னது நீண்டகாலச் சேமிப்பைப் பற்றியது. ஒரு வேளை உணவை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது வேறொரு வட்டம். அந்தக் காலத்து வீடுகளில் அம்மா மூட்டையில் எவ்வளவு அரிசி மிச்சம் இருக்கிறது என்பதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இன்றைய உலைக்கு எத்தனை சுண்டு போடுவது என்று தீர்மானிப்பதைப் போல, இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று பார்த்தே நடக்கின்றன. இன்றைய உலையின் கணக்கு பெரும்பாலும் மூளைத்தண்டில் நடக்கிறது. இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு அங்கே அறிவிக்கிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலை அடைந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹோர்மோன் சுரந்து அதே நரம்பின் வழியே "நிறுத்து" என்கிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1 என்ற இன்னொரு ஹோர்மோனும் அதே செய்தியோடு வருகிறது. 1970களில் மூளைத்தண்டை முன்மூளையிலிருந்து துண்டித்த எலிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது மிகவும் அறிவூட்டுவது: வாயில் உணவை ஊட்டினால் அந்த எலிகள் ஓரளவு விழுங்கிய பின்னர் தாமாகவே நிறுத்திக்கொண்டன; ஆனால் முந்தைய நாள் பட்டினி கிடந்தாலும் கூடுதலாக உண்ணவில்லை. உலையின் அளவு அவற்றுக்குத் தெரிந்தது. மூட்டையின் நிலை தெரியவில்லை. லெப்டின் குறையும்போது ஹைப்போதலமஸ் செய்வது, மூளைத்தண்டின் இந்த நிறுத்தச் சமிக்ஞைகளின் குரலைத் தணிப்பதுதான். உணவைக் கட்டுப்படுத்தி மெலிந்தவர் முன்பு இரண்டு அகப்பைச் சோற்றில் அடைந்த திருப்தியை இப்போது மூன்றாவது அகப்பையில்தான் அடைகிறார். அதை அவர் ஆசை என்று நினைக்கிறார். சுற்றியிருப்பவர்களும் அப்படியே நினைக்கிறார்கள்.

இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனை 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அது உணவுக்கு முன் ஏறி, உண்ட பின் இறங்குகிறது. நாம் பழகிய உணவு நேரத்தில் அது தானாகவே ஏறுவதும், அந்த வேளையில் உண்ணாமல் விட்டாலும் சிறிது நேரத்தில் தானாகவே இறங்குவதும் அதன் இயல்பு. கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களும் ரமழான் நோன்பு நோற்பவர்களும் மதியப் பசி ஒரு கட்டத்தில் தணிந்துபோவதை அனுபவத்தில் அறிவார்கள். அதற்குப் பின்னால் இருப்பவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் எடை குறைந்தவரில் கிரெலினின் பொது மட்டம் உயர்ந்துவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் கழிந்த பின்னரும் கிரெலின் உயர்ந்தும் லெப்டினும் திருப்தி தரும் பல குடல் ஹோர்மோன்களும் குறைந்தும் இருந்தன. ஒரு வருடம் பொறுத்தால் உடல் புதிய எடைக்குப் பழகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை இந்த முடிவு ஆதரிக்கவில்லை.

வரவுப் பக்கம் இப்படி. செலவுப் பக்கத்திலும் மூளை கைவைக்கிறது. உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் இயக்கம் தணிகிறது, தைரொயிட் ஹோர்மோனின் செயல்வடிவம் குறைகிறது, தசைகள் அதே வேலையைக் குறைந்த சக்தியில் செய்யத் தொடங்குகின்றன, எழுந்து நடமாடுதல், கையசைத்தல் போன்ற எண்ணாமல் செய்யும் அசைவுகளும் சுருங்குகின்றன. 1995இல் லைபல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் உடல் எடையில் பத்து சதவீதத்தை இழந்தவர்களின் அன்றாடச் சக்திச் செலவு, அந்தச் சிறிய உடலுக்கு எதிர்பார்க்க வேண்டிய அளவைவிடவும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பின்னர் அப்படி மெலிந்தவர்களுக்கு, பழைய எடையில் இருந்த அளவுக்கு லெப்டினை ஊசியால் நிரப்பியபோது அந்தக் கூடுதல் வீழ்ச்சி பெருமளவு நீங்கியது. பருத்தவருக்குப் பயன்படாத அதே லெப்டின், மெலிந்தவரில் வேலை செய்தது.

இரண்டு பக்கங்களில் எது பலமானது என்பதில் நீண்டகாலம் தெளிவு இருக்கவில்லை. அதைத் தெளிவாக்கிய ஆய்வு உங்கள் தந்தையாருக்கு மிக நெருக்கமானது, ஏனெனில் அதில் பங்குபற்றியவர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள். கனாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவுக் குளிசை இரத்தத்திலுள்ள குளுக்கோஸின் ஒரு பகுதியைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. அதாவது, எடுப்பவருக்குத் தெரியாமலே நாள்தோறும் ஓரளவு சக்தி உடலைவிட்டுப் போகிறது. உணவைக் கட்டுப்படுத்தும் எண்ணமோ முயற்சியோ அதில் இல்லை. அவர்களின் எடை ஒரு வருடத்தில் எப்படி இறங்கி எங்கே நின்றது என்பதை வைத்துக் கெவின் ஹோலும் சகாக்களும் 2016இல் கணக்கிட்டபோது, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குப் பசி கூடியிருந்தது தெரியவந்தது. செலவில் ஏற்படும் குறைவு ஒரு கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். எட்டுக் கிலோ இழந்த ஒருவருக்கு இந்த அளவைப் பொருத்திப் பாருங்கள்: முன்பைவிட நாளுக்கு 800 கலோரி கூடுதலாக உண்ணும்படி மூளை அவரைத் தள்ளுகிறது, அதே வேளையில் அவர் செலவழிப்பது முன்பைவிட ஏறத்தாழ 200 கலோரி குறைவு. இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆயினும் தந்தையார் ஒன்றரை வருடம் எதனோடு போராடினார் என்பதை இந்த எண்கள் சொல்லும். ஒரே நாளில் தோற்காமல் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தவரை மன உறுதி இல்லாதவர் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பஞ்சத்தை எதிர்கொள்ளும் இந்த ஏற்பாட்டின் உச்ச வடிவத்தை 1944, 45ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில் காணலாம். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், போரால் பட்டினியில் வாடும் மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிய உதவும் பொருட்டுத் தாமாக முன்வந்து, 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால்பங்கு போனது. உடல் குளிர்ந்தது, இதயத்துடிப்பு மந்தமானது, எந்நேரமும் உணவைப் பற்றிய சிந்தனையே நிறைந்தது. சிலர் சமையல் நூல்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். மீண்டும் தாராளமாக உண்ண அனுமதிக்கப்பட்டபோது அவர்கள் உண்ட அளவும் பெரிது. உடற்கொழுப்பு தொடக்கத்தில் இருந்ததையும் தாண்டிச் சென்ற பின்னரே பசி அடங்கியது.

எடை ஏறும்போது இதே தீவிரத்தோடு மூளை எதிர்க்காதது ஏன் என்று கேட்பது நியாயம். ஏறுவதற்கு எதிரான தடுப்பு முற்றாக இல்லாமல் இல்லை. ஆனால் அது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. 1990இல் பூஷார் வெளியிட்ட ஆய்வில் 12 இரட்டையர் சோடிகளுக்கு 100 நாள் காலத்தில் 84 நாட்கள் 1,000 கலோரி கூடுதலாக ஊட்டப்பட்டது. ஒருவருக்கு ஏறியது 4 கிலோ. இன்னொருவருக்கு 13 கிலோ. ஆனால் ஒரே சோடியின் இருவரும் ஏறத்தாழ ஒத்தே ஏறினார்கள். மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. பட்டினியால் இறக்கும் அபாயம் நம் முன்னோரை இடைவிடாமல் துரத்தியதால் கீழ் எல்லை இறுக்கமாகக் காக்கப்படுகிறது என்றும், வேட்டை விலங்குகளிடம் அகப்படும் அபாயம் மனிதருக்கு நீங்கிய பின்னர் மேல் எல்லை தலைமுறைகளாகத் தளர்ந்துவிட்டது என்றும் ஜோன் ஸ்பீக்மன் வாதிடுகிறார். இது கருதுகோள்தான், ஆனால் இருக்கும் விளக்கங்களில் எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுவது இது.

தளர்ந்த மேல் எல்லையோடு நாம் வாழும் இடம் கொழும்பு. காலி வீதியில் பத்து நிமிடம் நடந்தால் எத்தனை பேக்கரிகள், எத்தனை கொத்துக் கடைகள் என்று உங்களுக்கே தெரியும். உணவின் மணத்துக்கும் தோற்றத்துக்கும் விழித்தெழும், டோபமின் என்ற மூளை இரசாயனத்தால் இயங்கும் வட்டங்கள் வில்வடிவக் கருவோடு பிணைக்கப்பட்டவை. டோபமினை உருவாக்க முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள் உணவுக்குப் பக்கத்திலிருந்தும் உண்ணாமல் இறந்துபோகின்றன என்றால், உண்ணத் தூண்டுவதில் அதன் பங்கை ஊகித்துக்கொள்ளலாம். எடை இழந்தவரில் லெப்டின் குறைவு இந்த வட்டங்களையும் கூர்மையாக்குகிறது. அதனால்தான் முன்பு கவனிக்காமல் கடந்துபோன கடையின் ரோல்ஸ் வாசனை இப்போது காலைக் கட்டுகிறது. 2019இல் கெவின் ஹோல் 20 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுமுறை உணவும் வேண்டிய அளவு கொடுத்தார். மேசையில் வைக்கப்பட்ட கலோரியும் சீனியும் கொழுப்பும் நாரும் இரண்டிலும் ஒத்திருந்தன. பதப்படுத்திய உணவில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்.

நம் பிராந்தியத்துக்கே உரிய ஒரு பழைய ஆய்வையும் சொல்ல வேண்டும். 1956இல் ஜீன் மேயரும் சகாக்களும் மேற்கு வங்காளத்தின் ஒரு சணல் ஆலையில் வேலை செய்தவர்களின் உணவையும் எடையையும் அளந்தார்கள். ஓரளவு வேலை செய்பவர் முதல் மூட்டை சுமப்பவர் வரை, உழைப்புக் கூடக்கூட உணவும் கூடியது, எடை மாறவில்லை. ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும், கடும் உழைப்பாளிகள் உண்ட அளவுக்கு உண்டார்கள். அவர்களே மிகவும் பருத்திருந்தார்கள். உடல் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு அசைந்தால்தான் பசி செலவோடு ஒத்துப்போகும் என்பதே இதன் பொருள். ஒரு மணித்தியாலம் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரிதான் என்று நடையைச் சிலர் அலட்சியம் செய்வதுண்டு. நடையால் எடை அதிகம் குறைவதில்லை என்பது சரியே; குறைத்த எடையைக் காப்பதில் அது பெரிதும் உதவுகிறது. நீண்டகாலம் எடையைக் காத்தவர்களைத் தொடர்ந்து பதிவு செய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டிலும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியால உடலுழைப்பு பொது அம்சமாகக் காணப்படுகிறது.

இனித் தந்தையாருக்குச் செய்யக்கூடியது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவர் எடுக்கும் மருந்துகளின் பெயர்களை எழுதிக்கொண்டுபோய், எடை ஏற்றத்தில் அவற்றுக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். மெட்ஃபோமின் எடையை ஏற்றுவதில்லை. ஆனால் கிளிக்லசைட் போன்ற குளிசைகளும் பயோகிளிட்டசோனும் இன்சுலினும் ஏற்றக்கூடியவை. நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் சீனி கட்டுப்பாடின்றி இருந்திருந்தால், சிறுநீரில் குளுக்கோஸ் போனதாலும் ஓரளவு எடை இறங்கியிருக்கும். மருந்து சரிவர வேலை செய்யத் தொடங்கியதும் அந்தப் பங்கு திரும்பிவருவது நோயின் கட்டுப்பாட்டைக் காட்டுவதே தவிரத் தோல்வியை அல்ல. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். நித்திரை குறைந்தால் கிரெலின் ஏறி லெப்டின் இறங்குவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர் குறட்டைவிட்டு மூச்சுத் திணறி விழிப்பவராக இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சீனி சேர்த்த பால் தேநீரும் குளிர்பானமும் தனிக் கவனத்துக்குரியவை, ஏனெனில் திரவமாகக் குடிக்கும் கலோரியை மூளை சரிவரக் கணக்கில் எடுப்பதில்லை. 15 பேருக்கு நான்கு வாரம் நாளொன்றுக்கு 450 கலோரியைச் சீனி மிட்டாயாகக் கொடுத்தபோது அவர்கள் மற்ற உணவைத் தாமாகக் குறைத்தார்கள். அதையே குளிர்பானமாகக் கொடுத்தபோது குறைக்கவில்லை.

புதிய ஊசி மருந்துகளைப் பற்றி அநேகமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செமகுளுட்டைட் என்பது ஜிஎல்பி-1இன் நீடித்த வடிவம். மூளைத்தண்டிலும் ஹைப்போதலமஸிலும் உள்ள ஏற்பிகளில் செயற்பட்டு, மேலே சொன்ன 800 கலோரித் தள்ளுதலையே அது தணிக்கிறது. நீரிழிவு இல்லாதவர்களில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நீரிழிவு உள்ளவர்களில் குறைவு அதைவிடச் சிறியது. மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. குறை மருந்தில் இல்லை. மூளை பழைய எடையை மறக்காததே காரணம். இரத்த அழுத்தத்துக்கு வாழ்நாள் முழுதும் குளிசை எடுப்பதை நாம் இயல்பாக ஏற்பது போல இதையும் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்குப் பொருந்துமா, குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பதை வைத்தியரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

இலக்கைப் பொறுத்தவரை, மீண்டும் 72 என்று நிர்ணயிக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே இரத்தச் சீனியும் இரத்த அழுத்தமும் மேம்படுகின்றன. 79இலிருந்து 75க்கு இறங்கி, அங்கேயே ஒரு வருடம் நிற்பதற்கு முயற்சி முழுவதையும் செலவிடலாம். நான்கு கிலோவுக்கு எழும் பசியை எதிர்கொள்வது எட்டுக் கிலோவுக்கு எழும் பசியை எதிர்கொள்வதைவிட இலகு. அவருக்குத் தனிச் சமையல் செய்யாமல் வீட்டில் எல்லோரும் அதே தட்டை உண்ணுங்கள்: சோற்றுக்கு முன்னே பருப்பும் மீனும் கீரையும் நிரம்பட்டும், ஏனெனில் புரதமும் நாரும் குடலின் நிறுத்தச் சமிக்ஞைகளை நன்கு எழுப்புகின்றன. இதில் உங்கள் பங்கும் உண்டு. நீரிழிவு உள்ள ஒருவரின் மகளாகிய உங்களுக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான இந்திய ஆய்வில், உணவையும் நடையையும் சீராக்கியவர்களில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. தந்தையாரோடு மாலையில் நீங்களும் நடங்கள்; வெறும் வயிற்றில் இரத்தச் சீனியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.